எட்டாம் நம்பர்

காட்பாடியில் ரயில் சில நிமிஷம்தான் நிற்கும்.
அதற்குள் ஒரு டிரங்குப் பெட்டி, ஊன்றுகோல்,
கோணிப்பையில் மலிவாக வாங்கிய வெங்காயம்,
கடைசியாக நீ.
லீவில் வரும்போதெல்லாம்
முதலில் இறங்குவது உன் பூட்ஸ்தான்.

ஊர்ப் பையன்கள் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள்.
பழைய போட்டோ, விறைப்பாக நிற்கிறாய்.
பேர்ணாம்பட்டு ரோட்டில் கட்டுறோம் அண்ணி,
மேளம் சொல்லியாச்சு என்றார்கள்.
மேளத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத்
திருப்பி வாங்கச் சொன்னேன்.
ஃப்ளெக்ஸை எருமைக் கொட்டாய் மேலே போடக் கேட்டேன்.
கோபம்தான் அவர்களுக்கு.
இருக்கட்டும்.
அந்தப் படத்துக்குக் கீழே
உன்னை நடந்து வரச் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஷூ கம்பெனியில் பத்து வருஷமாக
ஜோடி சேர்க்கும் மேஜை என்னுடையது.
இடதை எடுத்து வலதோடு வைத்து
தையல், நிறம், நுனி பார்த்து
ஒத்துப்போகாததைத் தள்ளிவிடுவேன்.
நாளைக்கு எண்ணூறு ஜோடி.
உன் சேதி வந்த அன்றும்
சாயந்திரம் வரை ஒன்றுகூடத் தப்பவில்லை என்று
சூப்பர்வைசர் சரளா பிறகு சொன்னாள்.
எனக்கு ஞாபகமில்லை.

புனேயில் கால் செய்கிறவர்
ஷூ எங்கே என்று கேட்டார்.
நான் ஒன்றுதான் கொண்டுபோயிருந்தேன், வலது.
எதற்கு வீண் சுமை என்று
இடதை பீரோ அடியில் விட்டுவிட்டு.
அவர் சிரிக்கவில்லை.
புதுக் காலுக்கும் ஷூ வேண்டும் அம்மா,
குதிகால் ஒரு நூல் ஏறி இறங்கினாலும்
இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.
நீ அதைத் தமிழில் சொல்லும்போதே சிரித்துவிட்டாய்,
அடிபட்ட நாலு மாசத்தில் முதல் தடவை.
"ஜோடி பாக்கறவளே இப்டி பண்ணா
கம்பெனி இன்னாத்துக்கு ஆவும்?"

இரண்டு கம்பிகளுக்கு நடுவே நீ நடந்தாய்.
பிடிக்கப் போனேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றாள்
பயிற்சி கொடுக்கிற பெண்.
உனக்கு ஆறு வாரத்தில் முடிந்தது.
நான் இன்னும் தேறவில்லை.

வெஸ்டர்ன் கக்கூஸ் வைக்க
மகளிர் குழுவில் இருபதாயிரம் எடுத்ததை
உன்னிடம் சொல்லவில்லை.
வெடித்தபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று
நீயும் என்னிடம் சொல்லவில்லை.
சரிக்குச் சரி.

கத்திரி. கரண்ட் இல்லை.
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
மலை ராத்திரியில் ஊர்மேல் கொட்டுகிறது.
வாசலில் கட்டில்.
"கால்ல கொசு கடிக்குது."
"எந்தக் கால்ல?"
"இல்லாத கால்ல."
நீ காட்டிய இடத்தில், வெறும் போர்வைமேல்,
பட்டென்று ஒன்று போட்டேன்.
"செத்துச்சா?"
"செத்துச்சு."
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாய்:
"ரத்தம் இருந்துச்சா?"
நான் பேசவில்லை.
விசிறியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் உன் கால்முனைக்குப் போடும்
பஞ்சு உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.
ஐந்து வெள்ளை, ஒன்று காவி.
எதிர்வீட்டு மரகதம் கோலப்பொடியோடு நின்று
"யாருக்கு இத்தனை கொழந்தைத் தொப்பி?" என்கிறாள்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
"எனக்குத்தான்க்கா" என்று
உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாய்.
அவளுக்குப் புரிய ஒரு கோலம் போடும் நேரம் ஆயிற்று.
புரிந்ததும் புள்ளி தப்பிவிட்டது.

கம்பெனி வண்டி ஆரன் அடிக்கிறது.
கேட் வரைக்கும் வருகிறாய்.
இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து
மண்ணில் இழுபடுகிறது.
குனியப் போனேன்.
"போ, நேரமாச்சு."
வண்டியில் ஏறி
திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால்
பொய்.
சுவரில் சாய்ந்து, ஒரு கையால்,
ரொம்ப நேரமாகக்
கட்டிக்கொண்டிருந்தாய்.