சுண்டுவிரல்

வேதாளை வளைவில்தான் முதன்முதலில்
திரும்ப மாட்டேன் என்றது.
தொண்ணூற்றைந்தாம் வருடத்து கான்டெசா,
வெண்ணெய் நிறம், கல்யாண வாடகை.
பின்சீட்டில் மாப்பிள்ளை, அவர் தாய்மாமன்,
நடுவில் ஒரு பலாப்பழம்.
கரைவலை இழுக்கிறவள் மாதிரி
காலை ஊன்றி இழுத்தேன்.
"பவர் ஸ்டீயரிங்குன்னு சொன்னாரே உங்க வீட்டுக்காரர்"
என்றார் தாய்மாமன்.
பவர் முழுக்க என் தோளில் இருந்தது.
சொல்லவில்லை. வாடகை பாக்கி இருந்தது.

பிறகு நான்கு மாதம்
ஆளுக்கொரு நோய்.
பெல்ட் தளர்ந்திருக்கு என்றான்
உச்சிப்புளி டயர்கடைப் பையன்.
முறுக்கினான்.
காலையில் ஆலாக் குருவியாய்க் கிறீச்சிட்டது நின்றது,
கனம் நிற்கவில்லை.
எண்ணெய் குறைவு என்றார் ஞானதுரை, என் வீட்டுக்காரர்.
கையில் கிடைத்ததை ஊற்றினார்.
என்ன எண்ணெய் என்று கேட்டதற்கு
எண்ணெய்க்கு ஜாதகமா பார்ப்பார்கள் என்றார்.
அரை லிட்டர் பிரேக் ஆயில்.
சீல்கள் ஊறி உப்பின.
டப்பாவைத் திறந்தால் நுரை,
சர்பத் கடை டம்ளர் போல.
அதுவரை நன்றாயிருந்த பம்ப்
அந்த வாரமே முனகத் தொடங்கியது.
முன்பக்கம் தூக்கி எல்லாம் வடித்து
சிவப்பு எண்ணெய் விட்டு
இடமும் வலமும் இருபது முறை
காற்று போகும்வரை திருப்பி,
மதுரையிலிருந்து வேறு பம்ப் வந்து,
ஒன்பதாயிரம்.
முனகல் போனது.
கனம் அப்படியே. பர்ஸ் மட்டும் லேசு.

எமிலியான் விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன்,
மண்டபம் வடக்குத் துறையில்.
கார் எனக்குத் தெரியாதுக்கா என்று தொடங்கினான்.
தெரியும் என்று சொன்ன நான்கு பேரைப் பார்த்துவிட்டதால்
சாவியைக் கொடுத்தேன்.
"எஞ்சினை அணைச்சுட்டு, டயரு தரையில படாம
திருப்பிப் பாத்தாங்களா யாராச்சும்?"
யாரும் பார்க்கவில்லை.
பார்த்தோம்.
அந்தரத்தில் தொங்குகிற சக்கரம்,
தரையே இல்லை,
அப்போதும் அதே பிடிவாதம்.
"அப்ப பம்பு மேல குத்தமில்ல."

பெட்டியிலிருந்து இறங்கும் டிராப் ஆர்மைத்
தட்டித் தட்டிக் கழற்றினான்.
இப்பத் திருப்புங்க.
சுண்டுவிரல் வைத்தேன்.
சுற்றியது.
இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை
வெண்ணெயில் கத்தி.
கீழே சக்கரம் இரண்டும் அசையாமல் கிடந்தன.
எதையும் திருப்பாத ஸ்டீயரிங்
எத்தனை லேசு.
போதும்க்கா என்று அவன் சொன்ன பிறகும்
நான்கைந்து சுற்று சுற்றினேன்.

கோளாறு மறுபக்கம் இருந்தது,
யாரும் தலைநீட்டாத மூலையில்.
ஐட்லர் ஆர்ம். பெயரைக் கேட்டால் சும்மா இருப்பது.
வேலையும் அதுதான்,
மற்றவன் இழுக்கும்போது எதிர்ப்புறம் தாங்குவது.
புஷ்ஷும் பின்னும் உப்பில் ஊறி
ஒரே துருவாய் ஒட்டிப்போயிருந்தன.
எத்தனை ஜோடிகளை அரிச்சல்முனைக்கு
போட்டோ எடுக்கக் கூட்டிப்போனேன்,
ரோட்டில் அலை ஏறிய நாளிலும்.
வந்ததும் பானெட்டைக் கழுவுவேன்,
குரோமைத் துடைப்பேன்.
அடியில் ஒரு வாளித் தண்ணீர் விட்டதில்லை.

புரொப்பல்லர் ஷாஃப்டில் மிஞ்சிய பித்தளையில்
லேத்தில் கடைந்து புது புஷ் போட்டான்.
கிரீஸோடு சேர்த்து முந்நூற்றைம்பது.
ஞானதுரையிடம் அந்தக் கணக்கைச் சொல்ல
வார்த்தை தேடிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

பாம்பன் சாலை, பக்கத்தில் எமிலியான்,
கடல்காற்று குறுக்கே அடிக்கிறது.
முதல் வளைவில் என் தோள்
நான்கு மாதப் பழக்கத்தில் முழுசாய் இழுத்தது.
வண்டி கேட்டுக்கொண்டது.
சொன்னதற்கும் மேலே கேட்டுக்கொண்டது.
சீமைக்கருவேலத்துக்குள் மூக்கை நுழைத்து நின்றோம்.
மணலில் நின்ற கொக்கு
ஒற்றைக் காலை மாற்றவில்லை.
எமிலியான் டாஷ்போர்டைப் பார்த்தபடி,
"இது வண்டிக் கோளாறு இல்லக்கா."

ரிவர்ஸ் எடுத்தேன்.
பானெட்டில் முள் கீறல் மூன்று.
நாளை பெரியபட்டினத்தில் கல்யாணம்,
பூ கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்ல வேண்டும்.