ஏழாவது கட்டம்

கீழ்வேளூர் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம்.
பேனரில் பச்சை அதிகம்.
டீயும் சுண்டலும் முடிந்த பிறகு
ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள்.

பெயர் பாக்கியவதி. எழுதிவிட்டேன்.
ஆறு வரைக்கும் தடையில்லை.
ஏழாவது கட்டம் பட்டா எண் கேட்டது.

நிலம் கோயிலுக்கு.
கோயிலிடம் எடுத்தவர் பெரிய வீட்டு மருமகன்.
அவரிடம் வாய்ச்சொல்லில் எடுத்தது நாங்கள்.
ரசீது கிடையாது,
தை முடிந்தால் மூட்டைக் கணக்கு உண்டு.

மூன்று வருஷம் ஒரே மண்ணில்
உப்புரம் போடாமல் செய்திருக்க வேண்டுமாம், சான்றிதழுக்கு.
ஒரே மண் என்றால் எது தம்பி?
போன வருஷம் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒன்றரை மா.
இந்த ஆடிக்கு மேற்கே மாற்றிவிட்டார்கள்.
இரண்டு இடத்துக்கும்
எருவைக் கூடை கூடையாக நான்தான் சுமந்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

மேட்டூர் திறந்து இருபது நாள் கழித்து,
பதினெட்டு வயல் தாண்டி
என் மடைக்கு வருகிறது தண்ணீர்.
ஒவ்வொரு வயலிலும் கொஞ்சம் யூரியா வாங்கிக்கொண்டு,
அடுத்த வீட்டுக் குழம்பு வாசனை மாதிரி
கேட்காமல் உள்ளே வரும்.
வரப்பை உயர்த்தினால் யூரியா நிற்கும்.
தண்ணீரும் நிற்கும்.

என் கிச்சிலிச் சம்பா சென்னைக்குப் போகிறது,
நூற்றுப் பத்து ரூபாய் என்று பையில் அச்சடித்து.
எனக்கு நாற்பது.
எங்கள் உலையில் ரேஷன் அரிசி.
குறையாகச் சொல்லவில்லை,
நாளெல்லாம் கோனோவீடர் தள்ளியவளுக்கு
எந்தச் சோறும் இறங்கும்.
ஆனால் அந்த பேனரில்
சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற பெண் யார்?

படிவம் வாங்குகிற தம்பி நல்ல பிள்ளை.
அவருக்கும் ஒப்பந்த வேலைதான்,
மார்ச்சோடு முடிகிறதாம்.
"வீட்டுக்காரர் பட்டாவைப் போடுங்க அக்கா" என்றார்.
அவருக்கு எங்கே இருக்கிறது பட்டா?
"ஏழை மட்டும் விட்டுடாதீங்க,
கம்ப்யூட்டர் எடுத்துக்காது."
என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.
பக்கத்தில் செபஸ்தியம்மாள்தான்
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் கருத்து, இரண்டு வரிக்குள்.
எழுதினேன்:
எனக்கு மேலே உள்ள பதினெட்டு பேரையும் கூப்பிடுங்கள்.
தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் வருகிறது.

பிறகு ஏழுக்குத் திரும்பி வந்து,
எண் கேட்ட இடத்தில்,
வாய்க்கால் முடிகிற இடம் என்று எழுதினேன்.
தம்பி படித்தார். அடிக்கவில்லை.

நான்கு ஐம்பதுக்குத்தான் பஸ்.
அதற்குள்
மடையை அடைத்தேனா இல்லையா என்று
சந்தேகம் வந்துவிட்டது.