துண்டுக்கு அடியில்

உசிலம்பட்டிச் சந்தையில் எங்க வீட்டுக்காரர்
துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்தால்
மாடு கைமாறும்.

தொண்டையில் கட்டி.
பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில்
மூணரை லட்சம் என்றது பில் போடுற பிள்ளை.
குரல் போனதாலோ, பழக்கமோ,
துண்டை எடுத்து அவள் கையை மூடப் போனார்.
செக்யூரிட்டி ஓடி வந்தான்.

காப்பீட்டு அட்டை வாங்கினால் இலவசம் என்றார்கள்.
ரேஷன் கார்டில் ஒச்சப்பன்
ஆதாரில் ஓச்சப்பன்.
மாட்டுக்குச் சுழி பார்த்தே பிழைத்த மனுசனுக்கு
எழுத்தில் ஒரு சுழி கூடிப்போச்சு.
பதினேழு நாள் தாலுகா ஆபீசில்
தாலி ஏறியதிலிருந்து சொல்லாத பேரை
நான்தான் சத்தமாகச் சொன்னேன்:
ஓ இல்லை சார், ஒ.

அலைச்சலுக்குச் செவலைக் கன்று போனது.
அதற்கு மட்டும் அவர் பேரம் பேசவில்லை.

இப்போது பாலரெங்காபுரத்தில் கரண்ட் வைக்கிறார்கள்.
காசு கேட்கவில்லை.
முப்பத்துமூன்றில் பத்தொன்பது முடிந்தது.
கழுத்து கருகிவிட்டது. கஞ்சிதான்.

நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில்
துண்டை என் கைமேல் போட்டு
இரண்டு விரலைப் பிடித்தார்.
நாளா, மாசமா, வருசமா
கேட்கவில்லை.
மிச்ச மூன்றையும்
அவர் பிடிக்குள் திணித்தேன்.