பதினேழாம் மணி

டார்ட்டுவில் இன்னும் விடியவில்லை.
நுண்ணோக்கி வட்டத்துள் ஒன்பது முட்டைகள்.
நேற்று ஒவ்வொன்றிலும் ஒரு விந்தணுவை
நான்தான் ஊசியால் இறக்கினேன்,
கை நடுங்கவில்லை.

இந்நேரம் இரு உட்கருக்கள் தெரிய வேண்டும்,
தோளுரசி நிற்கும் குமிழிகளாய்.
ஒன்றிலும் இல்லை.

கால்சியம் அலையடித்திருந்தால்
முட்டை விழித்திருக்கும்.
போனவன் தட்டியது போதவில்லையா,
உறங்கியவளின் உறக்கம் கெட்டியா?
இந்தக் கண்ணாடிக்கு அது தெரியாது.

எட்டு மணிக்கு லீவிக்காவை அழைக்க வேண்டும்.
"போன வாரம் விறகு சுமந்தேனே, அதனாலா?"
ரைகோவின் மூச்சு மட்டும் கேட்கும்.
இல்லை என்பேன்.
பிறகு எதனால் என்பாள்.

தட்டை எறிய மனமில்லை.
வெப்பப் பெட்டிக்குள் திரும்ப வைக்கிறேன்,
பயனில்லை என்று தெரிந்தே,
இன்னும் ஒரு மணி நேரம்.