ஜி பதினெட்டு

"நல்ல சீட்டாப் பாத்துக் குடு" என்று சொல்லாமல்
இந்தக் கவுண்டரில் யாரும் கை நீட்டியதில்லை.
நகரி நாடக மன்றத்தில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்.
பதினேழு வருஷமாக விற்கிறேன்.
ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஆட்டம் விட்டு வெளியே வரும் முகங்களில் படித்தது.

முதல் வரிசை வேண்டாம் என்பேன்.
கிரீடத்தின் அட்டை தெரியும்.
வேர்வையில் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கும்.
ஆர்மோனியம் இடது காதைப் பிடித்துக்கொண்டு விடாது.
ஆனாலும் தறிக்காரர்கள் அங்கேதான் கேட்பார்கள்.
பகலெல்லாம் பவர்லூம் தின்றது போக
மிஞ்சிய செவிக்கு
பாட்டு பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும்.

புத்தூர்க் கட்டோடு வருகிறவருக்கு நடை ஓரம்.
வலது கால் என்றால் வழி வலப்பக்கம் இருக்க வேண்டும்.
ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டு
விடிய விடியத் தெலுங்கில் திட்டு வாங்கினேன்,
இடைவேளையில் தமிழில்.

பால்கனி, கடைசி வரிசை, நட்ட நடு.
ராஜா அங்கிருந்து குன்றிமணி.
ஆனால் கூரை பாட்டை ஏந்தி
அந்த நாலு நாற்காலியில்தான் கொட்டுகிறதாம்.
அடி எடுக்குமுன் அவர் மூச்சிழுப்பது கேட்குமாம்.
லைட்டுக்காரர் லோகையன் சொன்னது.
எல்லாரிடமும் சொல்வதில்லை நான்.

ஜி பதினெட்டு, தூணுக்குப் பின்னால்.
பாதி விலை.
மேடை தெரியாது, சுண்ணாம்புதான் தெரியும்.
யாரோ வெற்றிலைக் கையைத் துடைத்த இடமும்.

அதைக் கேட்டு வாங்குகிறவள் தேசம்மா ஒருத்திதான்.
பாபின் சுற்றுகிறவள். நகக்கண்ணில் நீலச் சாயம்.
"தூண் மறைக்கும்மா."
"அதுக்குத்தான்."
"பாதி ரூவா போதும்."
"முழுசா எடுத்துக்கோ."

பக்தவத்சலத்தின் கம்பெனி வரும்போது மட்டும் வருவாள்.
அவளுடைய கம்மலை அடகு வைத்துக் கிரீடம் வாங்கி
திருப்பதி பஸ் ஏறியவன்.
இப்போது போஸ்டரில் அவன் தலை மட்டுமே ஒரு ஆள் உயரம்.

நாடிழந்த ராஜா தனியாக நின்று
அந்த நீளப் பத்யத்தைப் பாடுகிற இடம்.
கடைசிச் சொல்லைப் பிடித்து மேலே கொண்டுபோய்
அங்கேயே நிறுத்தி வைப்பான்.
கைதட்டல் அடங்குமுன்
தூணுக்குப் பின்னாலிருந்து
"ஒன்ஸ்மோர்!"

கேட்டால் பாடியாக வேண்டும், இந்தப் பக்கத்து வழக்கம்.
பாடினான்.
"ஒன்ஸ்மோர்!"
இந்த முறை பால்கனியும் சேர்ந்துகொண்டது.
பாடினான்.
கவுண்டர் ஜன்னலில் காதை வைத்து நான் எண்ணினேன்.
நாலாவது தடவை குரல் உச்சிக்குப் போய்
அங்கே ஒன்றும் இல்லாததுபோல் உடைந்தது.
ஆர்மோனியக்காரர் அவசரமாக அதன்மேல் வாசித்து மூடினார்.

அவள் அப்போதே எழுந்து வந்துவிட்டாள்.
மூஞ்சியில் ஒன்றும் படிக்க முடியவில்லை எனக்கு.
பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டாள்.
கம்மலுக்கு ரெண்டு வீதம் கணக்கோ, என்னவோ.

இந்த வருஷம் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள்.
மன்றம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.
எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி, எல்லாம் ஒரே மாதிரி நல்லவை.
வரைந்த பையன் மதுரவாயலில் இருக்கிறான்,
தூணைப் பார்த்ததில்லை.
பாதி விலையையும் எடுத்துவிட்டான்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
ரொம்ப நேரம் தேடினாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து
கண்ணாடியில் ஒட்டினாள்.

"இங்க நிக்குது" என்றாள்.
"இதுக்குப் பின்னாடி ஒண்ணு போடு."