ஒரு முழம் பாலித்தீன்

டின்னை உடைக்கச் சொல்கிறார் சேகு ஜலால்.
வெள்ளிக்கிழமை ஏற்றுமதிக்காரர்கள் வருகிறார்களாம்,
நண்டுக் கம்பெனித் தரை
கண்ணாடியாக இருக்க வேண்டுமாம்.
நான் ஒரு முழம் பாலித்தீனை வெட்டி
நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் கிடத்துகிறேன்.
விடியட்டும் முதலாளி.

மண்டபத்தில் அன்று காற்றே இல்லை.
ஐஸ் உடைக்கும் மிஷின் ஓய்ந்தபின்
பாலத்துப் பக்கம் ரயில் தயங்குவது கேட்டது.

காலையில் குனிந்தால்
பாலித்தீனின் உள்பக்கம்
அம்மைக் கொப்புளமாக நீர்.
மழை இல்லை. யாரும் கழுவவில்லை.
அடியிலிருந்து ஏறி வந்திருக்கிறது கடல்,
பூனை மாதிரி.

"இதுமேல அடிச்சா என்ன?"
"ஆறு மாசத்துல அப்பளமாப் பொரிஞ்சு எந்திரிக்கும்."
அவர் அப்பளத்தை நம்பவில்லை,
டின்னில் ஒட்டியிருந்த விலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அதுவரை அரைப்போம்.
வில்வதுரை மிஷினைப் பிடிக்க, நான் வயரைப் பிடிக்க,
வைரப்பல் தட்டு சுழன்று மேல்தோல் உரிந்தது.
எங்கள் புருவம் நரைத்தது.
பாலாடையாக உறைந்திருந்த சிமெண்ட் போனதும்
அடியில் கிளிஞ்சல்.
குறுக்கே வெட்டுப்பட்ட குட்டிச் சங்குகள்,
ஒவ்வொன்றிலும் உள்ளே இறங்கும் சுருள்படி.
ஆற்று மணல் என்று பில் போட்டது
முதலாளியின் மச்சான்.
வில்வதுரை கண்ணால் மட்டும் சொன்னான்.
நான் வாக்குவத்தைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும்
எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு தண்ணீர் தெளித்தேன்.
குடித்தால் நல்ல தரை.
ஜெனரேட்டர் நின்ற மூலை குடிக்கவில்லை,
துளிகளை உருட்டி விளையாடியது.
காஸ்டிக், சுடுநீர், முரட்டுப் பிரஷ்.
உருட்டியது.
மறுபடி.
நாலாவது தரம்
வேண்டாவெறுப்பாக ஒரு மிடறு.

மேசைகளை நகர்த்தியபோது
சுவரோரம் ஜோடி ஜோடியாகப் பள்ளங்கள்.
எனக்கு விளங்கவில்லை.
பாக்கிச் சம்பளம் கேட்க வந்த செங்கோல்மேரி
ரப்பர் செருப்போடு ஒரு ஜோடியில் ஏறி நின்றாள்.
அளவு சரியாக இருந்தது.
"பதினோரு வருசம். நண்டுத்தண்ணியும் நானும்.
நெரப்பிருவீகளா?"
"நெரப்பணும். இல்லன்னா தண்ணி தேங்கும்."
"நெரப்புங்க, எனக்கென்ன.
ஆனா கண்ணாடியாப் போட்டா
நாங்க எங்கிட்டு நிக்கிறது?"

அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினேன்:
ஈரம் தடுக்கும் பிரைமர், இரண்டு கோட்.
பட்டி, பத்துக் கிலோ.
வழுக்காமலிருக்க மேலே தூவ
குவார்ட்ஸ் மணல், மூன்று மூட்டை.

"மறுபடி மணலா?" என்றார் சேகு ஜலால்.
"இது வேற மணல். பில்லு நான் வாங்கிக்கிறேன்."
அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.
மச்சானுக்குப் போன் போட எடுத்து
பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர்.
ஆறு இடத்தில் பாலித்தீன் ஒட்டிய சாம்பல் தரையில்
வெள்ளை பூட்ஸால் பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.
ஒருவர் மட்டும் குந்தி உட்கார்ந்து
சங்கின் சுருளை விரலால் தடவினார்.

"அழகாயிருக்கே, டிசைனா?"

வெளியே கச்சான் எழும்பியிருந்தது.
யாரும் பதில் சொல்லவில்லை.
வில்வதுரை இருமினான்,
தூசி போலிருக்கிறது.