ஒரு கிலோமீட்டர்

போஹூம் தாண்டியதும் ஓட்டோபான் உறைந்துவிட்டது.
வெள்ளி மாலை. மழைத்துடைப்பான்
ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்காகத் துடைக்கிறது,
உன் பக்கம்.
வேகமானிக்குக் கீழே, பச்சை வெளிச்சத்தில்,
510510.

நீ பார்க்கவில்லை.
பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில்
பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறாய், ஜெயரூபி.
நீராவி இயந்திரம் எனக்கு. அலுமினிய ஏணி உனக்கு.
பல் வைத்தியரின் இரண்டு மாடியும் எனக்கு.
காப்புறுதிக் கந்தோரின் கக்கூசுகள்
இருவருக்கும் வேண்டாம்.
பதினான்கு வருடக் கூட்டு,
உதறி உதறி எழுதும் பேனையில்.

மற்ற நாளென்றால் இந்த எண்
முக்கால் நிமிடத்தில் போயிருக்கும்.
இன்று நகர வழியில்லாமல் எங்களோடு நிற்கிறது.
வண்டி இலக்கங்களை மனதுக்குள் உடைப்பது
என் கெட்ட பழக்கம்.
சிவப்பு விளக்கில் நகம் கடிப்பவர்கள் இல்லையா?

நடுவில் மடித்தேன்:
ஐந்நூற்றுப்பத்து, மறுபடி ஐந்நூற்றுப்பத்து.
இப்படி இரட்டித்து நிற்கும் எதையும்
ஆயிரத்தொன்று வகுக்கும்.
அதற்குள் ஏழு, பதினொன்று, பதின்மூன்று.
மீதி ஐந்நூற்றுப்பத்துக்குள்
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.
விரலில் எண்ணினேன். ஒருவரும் விடுபடவில்லை.
பகா எண்களின் வரிசையில் முதல் ஏழு பேரும்
ஆளுக்கு ஒரேயொரு தரம்
இந்தப் பழைய வானுக்குள் ஏறியிருக்கிறார்கள்.
இதைவிடச் சின்ன எண்ணுக்குள்
ஏழு பேருக்கும் இடமில்லை.
நூற்றிருபத்தெட்டு விதமாய் வகுக்கலாம்,
ஒவ்வொரு தரமும் மிச்சம் பூச்சியம்.

"ரூபி, இங்கே பார்."
"வானை ஆர் எடுக்கிறது?" என்றாய்.

எழுநூற்றுப்பதினான்கை
எழுநூற்றுப்பதினைந்தால் பெருக்கினாலும்
இதேதான் வரும்.
அடுத்தடுத்த கதவு இலக்கங்கள் மாதிரி.
நாலு பேர் இந்த வீட்டில், மூன்று பேர் அந்த வீட்டில்.
இரண்டுக்கும் பொதுவாக
ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை.
இரண்டும் மூன்றும் ஏழும் பதினேழும்
இருபத்தொன்பது.
ஐந்தும் பதினொன்றும் பதின்மூன்றும்,
நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினேன்,
இருபத்தொன்பது.

சீட்டை மடியில் வைத்துச் சொன்னாய்:
"என் பக்கம் நாலு வந்திட்டுது, உன் பக்கம் மூன்றுதான்.
சரியில்லை."
"சரிதான்" என்றேன்.
பொய் சொல்கிறேனோ என்று முகத்தைப் பார்த்தாய்.
வாளிகள் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாய்
மெல்ல முட்டிக்கொண்டன.

முன்னால் நின்ற போலந்து லொறியின்
சிவப்பு அணைந்தது.
பிரேக்கை விட்டேன். ஐம்பது மீட்டர், நூறு மீட்டர்.
கடைசிப் பூச்சியம் புரண்டு ஒன்றானது.

ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள்.
இரண்டால் வகுத்தேன், மிச்சம் ஒன்று.
மூன்றால், ஐந்தால், பதினேழுவரை
எவரால் வகுத்தாலும் அதே ஒன்று.
இனிப் பகாத எண்தான் என்று நினைத்தபோது
பத்தொன்பது உள்ளே போய் உட்கார்ந்தது,
மிச்சமில்லாமல், முன்பின் தெரியாத ஆள்.

வட்டன்ஷைட் இரண்டு கிலோமீட்டர் என்றது பலகை.
சீட்டில் வான் இன்னும் எழுதப்படவில்லை.
நீ கையை நீட்டி
என் பக்கக் கண்ணாடியின் ஆவியை
உன் சட்டைக் கையால் துடைத்தாய்.